அமெரிக்க வரலாற்றுக் கட்டுக்கதைகள்: பழமைவாதியின் தரப்பில் பேசினால் எது நிற்கும், எது சரியும்?

கேள்வி இது: பள்ளிகளும் ஊடகங்களும் சொல்லும் அமெரிக்க வரலாற்றில் பாதி இடதுசாரிக் கட்டுக்கதை என்கிறார்கள் அந்நாட்டுப் பழமைவாதிகள். விவாதப் போட்டியில் அவர்கள் தரப்பை எடுத்துப் பேச வேண்டுமானால் எந்த வாதம் தாங்கும்? எது எதிரணியின் ஒரே கேள்வியில் விழும்?

தேதியையும் வாக்குப் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால், பழமைவாதியின் தரப்பு பலரும் நினைப்பதைவிட வலுவானது. ஆனால் ஒவ்வொரு வாதத்திலும் ஆவணம் நம்மைக் கொண்டுபோய் விடுகிற எல்லை ஒன்று இருக்கிறது. அங்கே நிற்காமல் இன்னும் ஓர் அடி எடுத்து வைப்பதுதான் இந்தத் தரப்பின் பழைய வியாதி. எதிர்த்தரப்புக்கும் அதே வியாதி உண்டு. கேட்டது இந்தத் தரப்பைப் பற்றி என்பதால் அதையே பார்ப்போம்.

அதிகம் அடிபடுவது ‘ஐந்தில் மூன்று’ விவகாரம். “அமெரிக்க அரசியல் சாசனம் கறுப்பினத்தவரை ஐந்தில் மூன்று பங்கு மனிதர் என்று எழுதிவைத்தது” என்பார்கள். சாசனத்தின் முதல் உறுப்பு, இரண்டாம் பிரிவைத் திறந்து பாருங்கள். பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம், அதன் தலையில் எவ்வளவு நேரடி வரி என்று கணக்கிட, சுதந்திரமானவர்கள் அனைவரையும் முழுதாகவும், ‘மற்ற எல்லா நபர்களில்’ ஐந்தில் மூன்று பங்கையும் கூட்டச் சொல்கிறது. சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர் முழு எண்ணாகவே சேர்ந்தார்கள். அங்கே கணக்குக்கு அளவுகோல் நிறம் அல்ல, அடிமை நிலை.

அடுத்து, யார் எதைக் கேட்டார்கள் என்பது. அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்று அடம்பிடித்தது தெற்கு. 1787 ஜூலை 11 அன்று ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் தென் கரோலினாவின் பட்லரும் பிங்க்னியும் இதைக் கேட்டபோது, டெலவேர், தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய மூன்று மாநிலங்கள் மட்டுமே ஆதரித்தன. எதிர்த்தவை ஏழு. பென்சில்வேனியாவின் கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது பதவியல்ல, அவருடைய பெயர்) ஆகஸ்ட் 8 அன்று எழுந்து தெற்கை மடக்கினார்: அவர்கள் மனிதர்களா? அப்படியானால் குடிமக்களாக்கி வாக்குரிமை கொடுங்கள். சொத்தா? அப்படியானால் வேறு எந்தச் சொத்துக்கும் இடம் தராதபோது இதற்கு மட்டும் ஏன்? ஆக, பின்னம் குறையக் குறைய அடிமை மாநிலங்களுக்கு நட்டம். அடிமைகளை எண்ணவே கூடாது என்றவர்கள் அடிமை முறையை வெறுத்த மாரிஸ் போன்றவர்கள். இதைச் சொல்லிவிட்டாலே ‘ஐந்தில் மூன்று மனிதர்’ என்ற வாசகம் ஆட்டம் கண்டுவிடும். அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த ஃபிரெடரிக் டக்ளஸே 1860-ல் கிளாஸ்கோவில் பேசியபோது, இந்தப் பிரிவு அடிமை மாநிலங்களின் அரசியல் பலத்தைக் குறைப்பது என்றுதான் வாதாடினார்.

நிற்க வேண்டிய இடம் இதுதான். இதைத் தாண்டி, ‘ஆகவே இது அடிமை முறைக்கு எதிரான பிரிவு’ என்று சொன்னால், எதிரணி 1790 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் போடும். போட்டுப் பார்ப்போம். வர்ஜீனியாவின் மொத்த மக்கள் 7,47,610. அதில் அடிமைகள் 2,92,627. மீதி 4,54,983 பேர் சுதந்திரமானவர்கள். பென்சில்வேனியாவில் சுதந்திரமானவர்கள் 4,30,636. இரண்டும் கிட்டத்தட்ட சமம். 1792 சட்டப்படி 33,000 பேருக்கு ஓர் இடம், மீதம் வந்தால் தள்ளுபடி. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்ததும் வர்ஜீனியாவின் கணக்கு 6,30,560 ஆனது, 19 இடம். பென்சில்வேனியாவுக்கு 13. அடிமைகளை முழுதாக எண்ணியிருந்தால் வர்ஜீனியாவுக்கு 22 கிடைத்திருக்கும். எண்ணாமலே விட்டிருந்தால் 13. தெற்கு கேட்டதில் மூன்று இடம் வெட்டுப்பட்டது உண்மை. வாக்களிக்க முடியாதவர்களின் தலையை எண்ணி ஆறு இடம் கூடுதலாகப் பெற்றதும் உண்மை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவிலும் அதே பலன் தொடர்ந்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்சன் 73, ஆடம்ஸ் 65. இந்தக் கூடுதல் வாக்குகள் இல்லாவிட்டால் ஆடம்ஸ் வென்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. எனவே ‘மனித மதிப்பைப் பற்றிய வாசகம் அல்ல, அதிகாரப் பங்கீட்டில் நடந்த பேரம்’ என்று சொல்லி உட்காருங்கள். யாராலும் அசைக்க முடியாது.

இதே மாநாட்டைப் பற்றி இன்னொரு நல்ல துருப்புச் சீட்டு உண்டு. 1865 வரை சாசனத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. மனிதரில் சொத்துரிமை உண்டு என்ற எண்ணத்தைச் சாசனத்தில் ஏற்றுவது தவறு என்று, மாநாட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மேடிசன் சொன்னதாக அவருடைய குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புகள் 1840-ல்தான் அச்சேறின, அதற்குள் மேடிசனே அவற்றில் கை வைத்திருந்தார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தப்பியோடிய அடிமையைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் பிரிவும், 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக் கூடாது என்ற பிரிவும் அதே தாளில்தான் இருக்கின்றன.

‘அமெரிக்கப் புரட்சியே அடிமை முறையைக் காப்பாற்ற நடந்தது’ என்ற வாதம் 2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட, அடிமை முறையை மையமாக வைத்து அமெரிக்க வரலாற்றைச் சொன்ன ‘1619 திட்டம்’ என்ற கட்டுரைத் தொகுப்பால் பரவியது. இங்கே பழமைவாதியின் கை ஓங்கியிருக்கிறது, காரணம் காலவரிசை. முத்திரைத் தீர்வைச் சட்டம் 1765. பாஸ்டன் துப்பாக்கிச் சூடு 1770. 342 பெட்டித் தேயிலை கடலில் போனது 1773 டிசம்பரில். (நம்முடைய சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான் அது. வரி ஏறியதால் கலகம் என்று பலரும் நினைக்கிறார்கள். நொடித்துப்போன கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் போட்ட சட்டம் தேயிலை விலையைக் குறைக்கத்தான் செய்தது. பழைய 3 பென்ஸ் வரியை எடுக்காமல் விட்டதும் கம்பெனிக்குத் தனியுரிமை கொடுத்ததும்தான் தகராறு.) லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19. ஜூனில் வாஷிங்டன் தளபதி. ஆகஸ்டில் மன்னர் குடியேற்றங்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்துவிட்டார். வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களிடம் உள்ள அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்த பிரகடனம் நவம்பர் 7-ல்தான் கையெழுத்தானது. போர் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வந்த ஒன்று போருக்குக் காரணமாக முடியாது. மேலும், முதலில் கிளம்பியது அடிமைகள் குறைவாக இருந்த மாசசூசெட்ஸ்.

எதிர்த்துக் கடிதம் எழுதிய ஐந்து வரலாற்றாசிரியர்களில் கார்டன் வுட், ஜேம்ஸ் மெக்ஃபர்சன், ஷான் விலென்ட்ஸ் போன்றவர்கள் இருந்தார்கள். இவர்களைப் பழமைவாதிகள் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னும் வேடிக்கை, அந்தத் திட்டத்தை முதலில் கிழித்துத் தொங்கப்போட்டவர்களில் டிராட்ஸ்கிய இணையதளம் ஒன்றும் அடக்கம். 2020 மார்ச்சில் பத்திரிகையே, அடிமை முறையைக் காக்கச் சுதந்திரம் கேட்டார்கள் என்ற வரியில் ‘குடியேறிகள்’ என்ற இடத்தில் ‘குடியேறிகளில் சிலர்’ என்று திருத்திக்கொண்டது. விவாதத்தில் இந்தத் திருத்தம் ஒன்றே போதும்.

எல்லை எங்கே? டன்மோரின் பிரகடனம் தெற்கில் மதில்மேல் பூனையாக இருந்த பண்ணையார்களைப் புரட்சிப் பக்கம் தள்ளியது. சுதந்திரப் பிரகடனத்தின் குற்றப் பட்டியலிலேயே ‘உள்நாட்டுக் கலகங்களைத் தூண்டினார்’ என்று மன்னர்மேல் ஒரு வரி இருக்கிறது. அதை மறுக்காதீர்கள். ‘நாட்டை நிறுவியவர்கள் அடிமை முறையை ஒழிக்க ஓயாமல் உழைத்தார்கள்’ என்று பேசவே பேசாதீர்கள். வெர்மான்ட் 1777, பென்சில்வேனியா 1780, வடமேற்குப் பகுதியில் 1787-ல் தடை என்று சொல்லத் தகுந்த பட்டியல் உண்டு. ஆனால் 1790-ல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். வாஷிங்டன் தன் உயிலில் தன்னுடைய அடிமைகளை விடுவித்தார். ஜெஃபர்சன் இறந்தபின் அவருடைய அடிமைகள் 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலத்துக்கு வந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்பவர் பேச்சைத்தான் நடுவர் நம்புவார்.

உள்நாட்டுப் போரைப் பற்றிய பெரிய கட்டுக்கதை உங்கள் தரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது: ‘அது அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காகவும் சுங்கவரிக்காகவும் நடந்தது’. எதிரணி எடுப்பதற்கு முன் நீங்களே இதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். தென் கரோலினா 1860 டிசம்பர் 20-ல் பிரிந்து, நான்கு நாள் கழித்துத் தன் காரணங்களை அச்சிட்டது. அதன் புகாரே, வட மாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரும் மத்தியச் சட்டத்தை மதிக்காமல் தங்கள் மாநிலச் சட்டங்களைப் போட்டுத் தடுக்கின்றன என்பது. அதாவது மாநில உரிமையை வடக்கு பயன்படுத்தியது என்று தெற்கு அழுதது. மிசிசிப்பியின் அறிக்கை தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று சுற்றிவளைக்காமல் சொல்கிறது. பிரிந்துபோன தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமம் அல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். சுங்கவரியோ 1857-ல் குறைக்கப்பட்டு அடிமட்டத்தில் இருந்தது. அதை ஏற்றிய மாரில் சட்டம் கையெழுத்தானது 1861 மார்ச் 2. அதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. அந்த உயர்வு செனட்டைத் தாண்டியதே தெற்கு உறுப்பினர்கள் எழுந்து போனதால்தான். யாராவது தென் கரோலினாவின் இன்னொரு அறிக்கையில் வரிப் புலம்பல் இருக்கிறதே என்று கேட்டால், இருக்கிறது. அதன் தலைப்பிலேயே ‘அடிமை வைத்திருக்கும் மாநிலங்களின் மக்களுக்கு’ என்று இருப்பதை வாசித்துக் காட்டுங்கள்.

இதில் பழமைவாதிக்கு நட்டமே இல்லை. இன்றைய பழமைவாதிகளின் கட்சியான குடியரசுக் கட்சி 1854-ல் பிறந்ததே அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவுவதைத் தடுக்க. லிங்கனின் கட்சியைத் தன் கட்சி என்று சொல்லிக்கொண்டு தெற்கின் கூட்டமைப்புக்கும் வக்காலத்து வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. சொல்லத் தகுந்த நுட்பம் ஒன்று உண்டு: தெற்கு பிரிந்தது அடிமை முறைக்காக, வடக்கு போருக்குப் புறப்பட்டது ஒன்றியத்தைக் காக்க. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி என்று நான்கு அடிமை மாநிலங்கள் லிங்கனோடுதான் இருந்தன. 1863 விடுதலைப் பிரகடனம் அவற்றைத் தொடவில்லை.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். ‘1960-களில் இரண்டு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன, இனவெறியர்கள் அத்தனை பேரும் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள்.’ பழமைவாதியின் பதில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் வாக்குப் பதிவு. பிரதிநிதிகள் சபையில் முதல் வாக்கெடுப்பு 290-க்கு 130. குடியரசுக் கட்சி 138 ஆதரவு, 34 எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சி 152 ஆதரவு, 96 எதிர்ப்பு. செனட்டில் 73-க்கு 27: குடியரசுக் கட்சி 27-6, ஜனநாயகக் கட்சி 46-21. சதவீதத்தில் எடுத்தால் இரு அவைகளிலும் ஐந்தில் நான்கு குடியரசுக் கட்சியினர் ஆதரித்திருக்கிறார்கள். ஜனநாயகக் கட்சியினரின் விகிதம் குறைவு. இழுத்தடித்த பேச்சை முடிக்க 67 வாக்கு தேவைப்பட்டபோது 71 கிடைத்தது இல்லினாய்ஸின் எவரெட் டர்க்சன் தன் கட்சிக்காரர்களைத் திரட்டியதால். எதிர்த்து வாக்களித்த 21 ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் குடியரசுக் கட்சிக்குத் தாவியவர் ஒரே ஒருவர், ஸ்ட்ராம் தர்மண்ட். ‘அத்தனை பேரும் தாவினார்கள்’ என்பவரிடம் இரண்டாவது பெயரைக் கேளுங்கள்.

காலவரிசையும் கைகொடுக்கும். குடியரசுக் கட்சியின் ஹூவர் 1928 அதிபர் தேர்தலிலேயே டெக்சஸ், ஃபுளோரிடா, வர்ஜீனியா உட்பட ஐந்து தென் மாநிலங்களைப் பிடித்தார். 1952-ல் அதே கட்சியின் ஐசன்ஹோவர் நான்கு. நகரமும் தொழிலும் வளர்ந்த விளிம்புத் தெற்கு முதலில் நகர்ந்தது. பருத்தி மண்டலமான ஆழ்தெற்கு பல இடங்களில் கடைசியில். 1976-ல்கூட ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் வர்ஜீனியா தவிர பழைய கூட்டமைப்பு முழுவதையும் அள்ளினார். தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது 1994-ல். அலபாமா சட்டமன்றம் கைமாறியது 2010-ல். ஒரே இரவில் நடந்த இடமாற்றம் என்றால் இவ்வளவு காலம் எடுக்காது. கறுப்பின வாக்கும் 1964-ல் திடீரென்று போகவில்லை. 1936-லேயே பெரும்பகுதி ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால் கவனம். எதிரணியில் ஒருவர் தயாராக வந்திருந்தால் அதே வாக்குப் பதிவைக் கட்சிப்படி பிரிக்காமல் வட்டாரப்படி பிரிப்பார். பழைய கூட்டமைப்பு மாநிலங்களிலிருந்து வந்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர் அளவில்தான். அவர்களில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. தெற்கிலிருந்த ஒரே குடியரசுக் கட்சி செனட்டர், டெக்சஸின் ஜான் டவர், எதிர்த்தார். இரண்டு கட்சியிலும் வடக்கு ஆதரவு, தெற்கு எதிர்ப்பு. தெற்கு உறுப்பினர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியில் குவிந்திருந்ததால்தான் அந்தக் கட்சியின் சதவீதம் கீழே போனது. அடுத்து குடியரசுக் கட்சி செனட்டர் கோல்ட்வாட்டர்: சட்டத்தை எதிர்த்து வாக்களித்துவிட்டு அதே ஆண்டு அதிபர் தேர்தலில் நின்றார். சொந்த அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்து மாநிலங்களும் ஆழ்தெற்கு. மிசிசிப்பியில் 87 சதவீதம். அவர் இனவெறியர் அல்ல, 1957, 1960 சட்டங்களை ஆதரித்தவர், தனியார் தொழிலில் மத்திய அரசு தலையிடுவதைச் சாசன அடிப்படையில் எதிர்த்தார் என்று விளக்கலாம், அது உண்மைதான். ஆனால் மிசிசிப்பியில் வாக்குப் போட்ட 87 சதவீதமும் சாசன நுட்பத்துக்காகப் போட்டது என்று யாரையும் நம்பவைக்க முடியாது. ‘மாற்றம் நடந்தது, மெதுவாக நடந்தது, இனம் ஒரு காரணம், ஒரே காரணமல்ல’ என்பது தாங்கும் நிலை. ‘மாற்றமே நடக்கவில்லை’ என்பது தாங்காது.

1929-ல் தொடங்கிய பொருளாதாரச் சரிவான பெருமந்தத்தைப் பற்றிய கதையில் பழமைவாதிக்கு உண்மையாகவே நல்ல சரக்கு இருக்கிறது. ‘ஹூவர் கைகட்டி வேடிக்கை பார்த்தார், ரூஸ்வெல்ட் வந்து காப்பாற்றினார்’ என்பதில் முதல் பாதி சுத்தப் பொய். சந்தை சரிந்த சில வாரங்களிலேயே, 1929 நவம்பரில், ஹூவர் பெருந்தொழில் அதிபர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கூலியைக் குறைக்காதீர்கள் என்று வாக்குறுதி வாங்கினார். மத்திய அரசின் செலவு 1929 நிதியாண்டில் சுமார் 310 கோடி டாலர். 1932-ல் 460 கோடிக்கு மேல், அதுவும் விலைவாசி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். 1930 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தும் ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1932-ல் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்க மறுசீரமைப்பு நிதிக் கழகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு உச்ச வருமான வரியை 25-லிருந்து 63 சதவீதத்துக்கு ஏற்றினார். இது சும்மா இருந்தவர் செய்கிற வேலையா? வேடிக்கை என்னவென்றால், 1932 பிரசாரத்தில் அரசுச் செலவை 25 சதவீதம் வெட்டுவேன் என்றவர் ரூஸ்வெல்ட்.

இரண்டாம் பாதியில் அவ்வளவு துணிச்சல் வேண்டாம். ரூஸ்வெல்ட்டின் தேசிய மீட்புச் சட்டம் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு விலை, கூலி, நேர விதிகளை எழுதியது. அதன் அபத்தத்தைக் காட்ட ப்ரூக்ளின் கோழி வியாபாரிகளின் ஷெக்டர் வழக்கு போதும். கோழி வாங்க வருகிறவர் கூண்டில் தனக்குப் பிடித்த கோழியைப் பொறுக்கக் கூடாது, கைக்கு எது வருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் அனுமதியோடு விதி இருந்தது. அதை விளக்கும்போது உச்ச நீதிமன்றத்திலேயே சிரிப்பு எழுந்தது. 1935 மே 27-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தூக்கினார்கள். தாராளவாதி என்று பெயரெடுத்த பிராண்டைசும் அதில் சேர்த்தி. ஊர் பசியில் கிடந்த 1933-ல் விலையை ஏற்ற 60 லட்சம் பன்றிகளைக் கொன்றதும் விளைந்து நின்ற பருத்தியை உழுதுபோட்டதும் அதே காலத்துக் கூத்து.

ஆனால் ‘ரூஸ்வெல்ட்டால் ஒன்றுமே முன்னேறவில்லை’ என்று சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். 1933 முதல் 1937 வரை பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. வேலையின்மைக் கணக்கில் இரண்டு தொடர்கள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் நிவாரணப் பணியில் இருந்தவர்களை வேலையில்லாதவர் என்று வைத்தால் 1938-ல் 19 சதவீதம். வேலையில் இருப்பவர் என்று வைத்தால் 12.5. பழமைவாதி முதலாவதைச் சொல்வார், எதிரணி இரண்டாவதைச் சொல்லும், இருவரும் பொய் சொல்வதாக அவையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எந்தத் தொடர் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தச் சண்டை இல்லை, 12.5-ஆகவே இருந்தாலும் ‘புதிய ஒப்பந்தம்’ என்ற ரூஸ்வெல்ட்டின் மீட்புத் திட்டங்கள் தொடங்கி ஐந்தாண்டு கழித்து அது வெற்றியல்ல என்று வாதாடவும் இடமிருக்கிறது. ஸ்மூட்-ஹாலியே மந்தத்தை உண்டாக்கியது என்பதும் மிகை: அன்றைய அமெரிக்க உற்பத்தியில் ஏற்றுமதி 5 சதவீதம் அளவுதான். கனமான காரணம், 1929-க்கும் 1933-க்கும் இடையில் நாட்டின் பண இருப்பு மூன்றில் ஒரு பங்கு சுருங்க, நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் விட்டுவிட்டது என்று மில்டன் ஃபிரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1963-ல் காட்டியது. அரசு அமைப்பு ஒன்றின் தோல்வி என்பதால் பழமைவாதிக்கு அது இனிக்கும். 2002-ல் பென் பெர்னான்கி, ஃபெடரல் ரிசர்வ் ஆளுநராக இருந்துகொண்டே, நீங்கள் சொன்னது சரி, நாங்கள்தான் செய்தோம் என்று ஃபிரீட்மனிடம் மேடையில் ஒப்புக்கொண்டார்.

‘கொள்ளைக்கார முதலாளிகள்’ என்று ஏசப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தொழிலதிபர்கள் பற்றிச் சுருக்கமாக. ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனம் சந்தையை வளைத்த காலத்தில் மண்ணெண்ணெய் விலை ஏறவில்லை, பல மடங்கு இறங்கியது. 1911-ல் நீதிமன்றம் உடைக்கும் முன்பே அதன் பங்கு தொண்ணூறு சதவீத அளவிலிருந்து அறுபத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. இது நல்ல வாதம். ரயில் நிறுவனங்களோடு ரகசியத் தள்ளுபடி பேசியதை மறைக்காதீர்கள். ஜேம்ஸ் ஹில்லின் கிரேட் நார்தர்ன் ரயில் பாதை மானியமே வாங்காமல் பசிபிக் கரை தொட்டது என்றும் சொல்வார்கள். மத்திய அரசின் மானியம் என்று திருத்திச் சொல்லுங்கள். அவர் விலைக்கு வாங்கிய மினசோட்டா ரயில் பாதையோடு நில மானியமும் சேர்ந்தே வந்தது.

அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருப்பதாக 1950-களில் குற்றம் சாட்டிய மெக்கார்த்தி விஷயத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து குழப்பிவைத்திருக்கின்றன. ஹாலிவுட் எழுத்தாளர்களை விசாரித்தது 1947-ல் பிரதிநிதிகள் சபைக் குழு. மெக்கார்த்தி செனட்டர், அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோவியத் உளவு வெறும் கற்பனை என்ற கதை 1995 ஜூலையில் செத்தது. போர்க்காலத்தில் மாஸ்கோவுக்குப் போன சங்கேதத் தந்திகளை உடைத்த வெனோனா கோப்புகள், ஏறத்தாழ 3,000 செய்திகள், அப்போதுதான் வெளிவரத் தொடங்கின. உளவுக் குற்றத்துக்காக மனைவி எத்தலோடு மரண தண்டனை பெற்ற ஜூலியஸ் ரோசன்பர்க் உளவாளிதான். அதே வழக்கில் சிறைத் தண்டனை பெற்ற மார்ட்டன் சோபெல் 2008-ல் தானே ஒப்புக்கொண்டார். எத்தல் விஷயம் வேறு: அவருக்கு எதிரான முக்கியச் சாட்சியம் உண்மையல்ல என்று சாட்சி சொன்ன தம்பியே பின்னாளில் சொல்லிவிட்டார். இதிலிருந்து ‘மெக்கார்த்தி சொன்னது சரி’ என்று தாவுவது வழக்கமான சறுக்கல். அவர் வீலிங் நகரில், வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் என்று ஒன்றை ஆட்டியது 1950 பிப்ரவரி 9. சோவியத் உளவு வலையிலிருந்து விலகிய எலிசபெத் பென்ட்லி 1945-லேயே எஃப்.பி.ஐ.யிடம் எல்லாம் கொட்டிவிட்டார், வெளியுறவுத் துறையின் முன்னாள் அதிகாரி ஆல்ஜர் ஹிஸ் 1950 ஜனவரியிலேயே தண்டிக்கப்பட்டுவிட்டார். உளவு வலை அறுந்தபின் மேடையேறியவர் அவர். எண்ணிக்கையும் 205, 57 என்று மாறிக்கொண்டே போனது. 1954 டிசம்பரில் செனட் 67-க்கு 22 என்று அவரைக் கண்டித்தபோது குடியரசுக் கட்சி செனட்டர்கள் சரிபாதியாக, 22-க்கு 22, பிரிந்து நின்றார்கள்.

மதத்தைப் பற்றி: ‘மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர்’ என்ற சொற்றொடர் சாசனத்தில் இல்லை என்பது சரி. ஜெஃபர்சன் 1802 ஜனவரி 1 அன்று டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது. இரண்டு நாள் கழித்து அவரே பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் நடந்த வழிபாட்டில் உட்கார்ந்திருந்தார். மாசசூசெட்ஸ் 1833 வரை அரசு ஆதரவு பெற்ற தேவாலயத்தை வைத்திருந்தது. எதிரணியின் பதில் 1797 திரிபோலி உடன்படிக்கையின் பதினோராம் உறுப்பு: அமெரிக்க அரசு எந்த வகையிலும் கிறிஸ்தவ மதத்தின்மேல் நிறுவப்பட்டதல்ல என்று அது சொல்கிறது. செனட்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

இந்தத் தலைப்பில்தான் போலி மேற்கோள்கள் அதிகம். பைபிள் இல்லாமல் உலகை ஆள முடியாது என்று வாஷிங்டன் சொன்னதாகச் சுற்றும் வாசகம் அவருடைய எழுத்தில் எங்கும் கிடையாது. எந்த மேற்கோளாக இருந்தாலும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் போட்டுத் தேடுங்கள். வாஷிங்டன், ஆடம்ஸ், ஃபிராங்க்ளின், ஹாமில்டன், ஜெய், ஜெஃபர்சன், மேடிசன் ஆகிய ஏழு பேரின் கடிதங்கள் அங்கே இலவசம். முழு வாசகத்தைப் போடாமல், அதில் இருக்கும் அபூர்வமான நான்கைந்து சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். பழைய எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும் என்பதால் நீளமாகப் போட்டால் இருப்பதும் அகப்படாது. மாற்று எழுத்துக்கூட்டலில் தேடியும் சிக்கவில்லை, சொன்ன தேதியோ யாருக்கு எழுதியது என்ற விவரமோ எங்கும் தரப்படவில்லை, முதன்முதலில் அச்சில் வந்ததே அவர் இறந்து பல ஆண்டு கழித்துத்தான் என்று மூன்றும் கூடிவந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள். வாக்கெடுப்பு எண்களுக்கு ‘கவ்ட்ராக்’, ‘வோட்வியூ’ தளங்கள். பிரிவினை அறிக்கைகளுக்கு யேல் பல்கலைக்கழகத்தின் ‘அவலான்’ தொகுப்பு. 1964 சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன: பிப்ரவரியில் 290-130, செனட் திருத்தத்துக்குப் பிறகு ஜூலையில் 289-126. எதைச் சொல்கிறீர்களோ அதன் மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.